காணுமோ, இன்னும் வேணுமோ? தளர்நடைப் பருவமும் உணவு வேளையும்

தளர்நடைப் பருவம் என்று இந்நூல் குறிப்பது, பிள்ளை முதலடி எடுத்துவைக்கும் ஏறத்தாழ 12 ஆம் மாதத்தில் தொடங்கி 3 வயது நிறையும் வரையுள்ள இரண்டு ஆண்டுக் காலத்தையாகும். இக்காலத்துப் பிள்ளையின் இரைப்பை சிறியதாகையால் ஒரே வேளையில் பெருமளவு உண்ண அதனால் இயலாது. எனவே மூன்று நேர உணவும் இடையில் இரண்டு சிறு உணவுமாக நாளொன்றுக்கு ஐந்து தடவையேனும் அதற்கு உணவு கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு இக்கணக்கை விரித்தால் 3,600 க்கும் மேற்பட்ட உணவு வேளைகள் சேர்கின்றன. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் முன்பள்ளிகள் பெரும்பாலும் 3 வயதின் பின்னரே பிள்ளையைச் சேர்த்துக்கொள்கின்றன. நிறை பார்க்கும் கிளினிக்கோ இரண்டு வயது வரை மாதம் ஒரு முறையும் அதன்பின் இன்னும் அரிதாகவுமே பிள்ளையைக் காண்கிறது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளை எதைக் கற்றாலும் அதன் பெரும்பகுதியைக் குசினியிலும் அதன் வாசலில் விரித்த பாயிலுமே கற்கிறது.

உணவு வேளையைக் கற்றல் வேளையாக்குதல் என்றவுடன் சோற்றுக் கோப்பைக்கு அருகே எழுத்து அட்டைகளை விரித்துவைப்பதாகப் பொருள்கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவும் உலக வங்கியும் இணைந்து 2018 இல் வெளியிட்ட முன்பிள்ளைப்பருவப் பராமரிப்புச் சட்டகம், உடல்நலம், போதிய போசாக்கு, பிள்ளையின் குறிப்புக்கு மறுமொழி தரும் பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்ககாலக் கற்றலுக்கான வாய்ப்பு என்னும் ஐந்தையும் பிள்ளையின் விருத்திக்கு இன்றியமையாதவையாக வகுத்தது. இவ்வைந்தும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடும் வீட்டு நிகழ்வு உணவு வேளையைத் தவிர வேறில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட, 6 முதல் 23 மாதம் வரையிலான பிள்ளைகளின் உணவு பற்றிய வழிகாட்டல், குறிப்பறிந்து ஊட்டுதலை வலியுறுத்துகிறது. பசியையும் நிறைவையும் பிள்ளை முகத்தாலும் கையாலும் ஒலியாலும் உணர்த்தும்போது, ஊட்டுபவர் அதைக் கண்டுகொண்டு, தாமதியாமல், அன்போடும் பிள்ளையின் வயதுக்கு ஏற்றவாறும் மறுமொழி தருதலே குறிப்பறிந்து ஊட்டுதல் எனப்படும். வன்னிப் பேச்சில் இதற்கு ஆயத்தமாகவே ஒரு கேள்வி உண்டு. “காணுமோ, இன்னும் வேணுமோ?” என்று கோப்பைக்கு மேல் கேட்கப்படும் அக்கேள்வியில் ‘காணும்’ என்பது ‘போதும்’ என்னும் பொருளது. கேள்வி எல்லா வீடுகளிலும் கேட்கப்படுகிறது. விடைக்குக் காத்திருக்கும் வீடுகளே குறைவு.

காத்திருக்க இயலாமைக்கு வன்னியில் தனிக் காரணமும் உண்டு. போரின் இறுதிக் கட்டத்தில், 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பசியோடு கிடந்தவர்களும், அதன்பின் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் உணவுக்கு வரிசையில் நின்றவர்களும், 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும் வரை படிப்படியாக ஊர் திரும்பியவர்களுமே இன்றைய பெற்றோரிலும் பேரன் பேத்தியைப் பார்க்கும் அம்மம்மாக்களிலும் பெரும்பாலோர். 2009 இல் 10 வயதாயிருந்த சிறுமி இன்று ஒரு பிள்ளையின் தாய். அத்தகைய தாய்க்குக் கோப்பையில் எஞ்சும் ஒரு பிடி சோறு வெறும் மீதிச் சோறாகத் தோன்றாது என்பதையும், “ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்” என்னும் வற்புறுத்தலின் அடியில் பழைய அச்சம் கிடக்கக்கூடும் என்பதையும் ஆலோசனை கூற முன்வரும் எவரும் முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். வற்புறுத்தலைக் குறைக்குமாறு சொல்வது எளிது. அந்த அச்சத்துக்கு மதிப்பளித்துச் சொல்வதே பயன்தரும்.

தீத்தும் கை பின்வாங்கும் முறை

சோற்றைக் குழைத்து உருட்டிப் பிள்ளையின் வாயில் வைப்பதை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ‘தீத்துதல்’ என்பர். தீத்துதல் நல்ல வழக்கம். முகம் பார்த்து, பேசி, தொட்டு ஊட்டும் இம்முறையில் கரண்டிக்கும் போத்தலுக்கும் இல்லாத நெருக்கம் இருக்கிறது. குறை தீத்துவதில் இல்லை. எப்போது தீத்துவதை நிறுத்துவதென்று தெரியாமையில் இருக்கிறது. 4 வயதுப் பிள்ளையைத் துரத்தித் துரத்தி வேலி வரை சென்று தீத்தும் காட்சி ஊரில் அரிதன்று. ஆகவே, 12 ஆம் மாதத்தில் பெரும்பாலும் தீத்தும் கையினால் நடக்கும் உணவு வேளை 3 வயதில் பெரும்பாலும் பிள்ளையின் கையினால் நடப்பதாக மாறவேண்டும் என்பதையும், அம்மாற்றம் ஒரே நாளில் நிகழாமல் மாதம் மாதமாகக் கைமாற வேண்டும் என்பதையும் வீட்டார் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நன்று.

கையின் வளர்ச்சி இதற்கு வழிகாட்டுகிறது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளைப் பற்றும் திறன் விரல்நுனிப் பிடி எனப்படும். 9 ஆம் மாதமளவில் தோன்றும் இப்பிடி ஒரு வயதில் உறுதிப்படுகிறது. இப்பருவத்தில் உதிர்த்த புட்டு, நன்கு அவித்த பயறு, தோல் நீக்கி நசித்த கௌபி, சிறு துண்டாக்கிய பப்பாப்பழம் ஆகியவற்றைக் கோப்பையில் பரப்பிவைத்தால், பிள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். 15 ஆம் மாதத்தின் பின் கரண்டியைப் பிடிக்கும். பாதி வழியில் கவிழ்த்துவிடும். 18 முதல் 24 மாதத்துக்குள் சிந்தினாலும் தானே உண்ணத் தலைப்படும். இரு கையாலும் பேணியைப் பிடித்து நீர் குடிக்கும். இரண்டு வயதின் பின் வருவதே நம்மவர் உண்ணும் முறைக்குரிய கடினமான வேலை: சோற்றையும் கறியையும் ஐந்து விரலாலும் பிசைந்து, திரட்டி, விரல் நுனிகளில் ஏந்தி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளுதல். மணிக்கட்டும் ஐந்து விரல்களும் கண்ணும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கவேண்டிய இச்செயல் நுண்தசை இயக்கத்துக்கு, அதாவது கையின் சிறு தசைகளைக் கட்டுப்படுத்தும் திறனுக்கு, நாள்தோறும் கிடைக்கும் பயிற்சியாகும். பின்னர் பென்சிலைப் பிடிக்கப்போவதும் இதே விரல்களே. இடக்கையால் உண்ண முனையும் பிள்ளையை அடித்தோ கையைக் கட்டியோ திருத்த முற்படுதல் தவிர்க்கப்பட வேண்டும். எந்தக் கை மேலோங்கும் என்பது இவ்வயதில் இன்னும் உறுதிப்பட்டிருப்பதில்லை; வலக்கைக்கு அருகே உணவை வைத்து மெல்லப் பழக்குவதற்கு அப்பால் எதுவும் தேவையில்லை.

இப்படிக் கைமாறும்போது சோறு சிந்தும். சிந்துவதும் பிசைவதும் தலையில் பூசிக்கொள்வதும் குறும்பாகத் தோன்றினும், ஈரம், பசைமை, வெப்பம், உதிர்தன்மை ஆகியவற்றைப் பிள்ளை தொட்டறிவது இவ்வழியாலேயே. புறநானூற்றின் 188 ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி, குட்டிக் கையால் நெய்ச்சோற்றைக் குழப்பி உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளையைக் குடும்ப வாழ்வின் பயனாகவே காண்கிறார். பாயைக் கழுவவேண்டியவர் அவரல்லர் என்று சொல்லும் தாய்மாரின் பக்கத்திலும் நியாயமுண்டு. பாய்க்குப் பதிலாகப் பழைய உரப்பையைக் கழுவி விரிப்பதையோ, முற்றத்து மண்ணில் பலகை போட்டு இருத்துவதையோ பழக்கமாக்கினால் சிந்திய சோறு கோழிக்குப் போகும், சண்டையும் குறையும்.

வாயின் வேலையும் இதனோடு சேர்ந்தது. முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரியும் வழக்கம், இனி மெல்லும் காலம் வந்துவிட்டது என்பதை ஊருக்கு அறிவிக்கிறது. ஆனால் கொண்டாட்டம் முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் கிரைண்டரில் அடித்து மாவாக்கும் பழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. கட்டியுள்ள உணவுக்குத் தொடக்கத்திலேயே பழகாத பிள்ளைகள் பின்னர் பல உணவுகளை மறுப்பதும் மெல்லத் தயங்குவதும் கூடுதல் என்று பிரித்தானியாவில் நடந்த நீண்டகால ஆய்வொன்று காட்டியது. ஒரு வயதின் பின் விரலால் நசித்த சோறும், உதிர்த்த மீனும், முள்ளுக்கரண்டியால் மசித்த கிழங்கும் போதும். கிரைண்டர் சம்பலுக்கும் இட்லிமாவுக்கும் இருக்கட்டும்.

சொல் பிறக்கும் இடம்

பிள்ளையின் முதற் சொற்களுள் பல உணவு வேளையில் பிறக்கின்றன என்பதில் வியப்பில்லை. தேவையும் விருப்பும் மறுப்பும் அங்கேதான் ஒருங்கே கூடுகின்றன. ‘தா’, ‘வேணாம்’, ‘சுடுது’, ‘காணும்’, ‘இன்னும்’ ஆகிய ஐந்து சொற்களும் ஒன்றரை வயதுப் பிள்ளை உலகத்தோடு நடத்தும் பேச்சுவார்த்தைக்குப் பெரும்பாலும் போதுமானவை. ஊட்டுபவர் செய்யவேண்டியது, பிள்ளை நோக்கும் பொருளை நோக்கி அதன் பெயரைச் சொல்லி, பின்னர் மௌனமாக இருத்தல். மௌனமே இங்கு கடினம். வளர்ந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு உடனே விடையளிக்கலாம். பிள்ளைக்கோ சொல்லைக் கேட்டு, பொருளுணர்ந்து, நாவைத் திரட்டி ஒலியெழுப்ப நேரம் வேண்டும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தால், முன்பு பேசாதென்று எண்ணியிருந்த பிள்ளை கையை நீட்டியோ ‘ம்ம்’ என்றோ விடை சொல்வதைக் காணலாம். அந்த ‘ம்ம்’ ஐயே சொல்லாக ஏற்று, “ஓம், மீன் வேணுமோ, இந்தா மீன்” என்று முழு வாக்கியமாகத் திருப்பிக் கொடுப்பது கொடுத்துவாங்கும் பேச்சு ஆகும். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் எத்தனை சொற்களைப் பொழிந்தாலும் இந்தக் கொடுத்துவாங்கலைச் செய்ய அவற்றால் முடிவதில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதரின் ஸ்நோவும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் வருமானம் குறைந்த குடும்பங்களின் உணவு வேளைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, அங்கு புழங்கிய அரிய சொற்கள், அதாவது அன்றாடம் எல்லோர் வாயிலும் வராத சொற்கள், பிள்ளைகளின் பின்னைய சொல்வளத்தோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டனர். அப்பிள்ளைகள் தளர்நடைப் பருவத்தினரிலும் சற்று மூத்தவர்களாயினும் இம்முடிவு வன்னிக் குசினிக்கு நன்கு பொருந்துகிறது. ஏனெனில் அரிய சொற்களுக்கு அங்கு பஞ்சமில்லை. நீத்துப்பெட்டி, சுளகு, அகப்பை, திருவலை, இடியப்ப உரல், மூக்குப்பேணி என்று கண்ணெதிரே கிடக்கும் பொருள்களின் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ‘அது’, ‘இது’ என்று கைகாட்டிப் பழகினால், பிள்ளைக்கு உரிய சொத்தொன்று கைநழுவுகிறது. மீனிலேயே ஒரு பாடம் இருக்கிறது. குளத்து மீனில் விராலும் கெளுத்தியும் யப்பானும், கடல் மீனில் சூடையும் நெத்தலியும் வெவ்வேறு உருவின. இவையெல்லாம் ‘மீன்’ என்னும் ஒரு பெயருக்குள் அடங்கும் என்றும், அதேவேளை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு என்றும் அறிவதே வகைப்படுத்தல் என்னும் அறிகைத் திறனின் தொடக்கம். மீனை வெட்டுமுன் பிள்ளைக்குக் காட்டி, செதிளைத் தொடவிட்டு, மீசையுள்ளது கெளுத்தி என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

எண்ணிக்கையும் இவ்வாறே வரும். இடியப்பத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து “அம்மாக்கு ஒண்டு, அம்மம்மாக்கு ஒண்டு, அண்ணாக்கு ஒண்டு” என்று பிள்ளையையே பகிரச் செய்வது, ஒரு பொருளுக்கு ஓர் ஆள் என இணைக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தலைக் கற்பிக்கிறது. ஒன்று, இரண்டு என்று மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளை எண்ணத் தெரிந்த பிள்ளையன்று. பகிரத் தெரிந்த பிள்ளையே எண்ணத் தொடங்கிய பிள்ளை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஒவ்வொரு விரலுக்கும் பங்கு வைத்துக் கடைசியில் கிச்சுக்கிச்சு மூட்டும் பழைய விரல் விளையாட்டும் இதே கணக்கையே சிரிப்போடு சொல்லித்தருகிறது. சோறு ஆறும் வரை பொறுத்திருக்க வைக்க அதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பேணியைத் திரும்பத் திரும்பக் கீழே விழுத்தும் பிள்ளை பெரியோரைச் சினமூட்ட முயல்வதாக எண்ணுவது தவறு. விட்டால் விழுமா, ஒவ்வொரு முறையும் விழுமா, விழுந்தால் ஒலி வருமா, ஒலி வந்தால் அம்மம்மா திரும்பிப் பார்ப்பாரா என்பனவே அப்பிள்ளையின் ஆராய்ச்சி. இரண்டு முறை எடுத்துக் கொடுத்து, மூன்றாம் முறை “பேணி இனி மேசையில் இருக்கட்டும்” என்று அமைதியாக அகற்றிவிட்டால் ஆராய்ச்சி வேறிடத்துக்கு மாறும்.

வன்னிக் கோப்பை

பிள்ளைக்குத் தனிச்சமையல் வேண்டியதில்லை. வேண்டுவது, கறி கொதித்ததும் உறைப்புப் போடுமுன் பிள்ளையின் பங்கை ஒரு சிறு சட்டியில் எடுத்துவைக்கும் பழக்கம் மட்டுமே. குடும்பம் உண்பதையே தானும் உண்ணும் பிள்ளை, மற்றவர் வாயைப் பார்த்து மெல்லக் கற்கிறது. உலக சுகாதார நிறுவனம் இவ்வயதுப் பிள்ளையின் உணவை எட்டுத் தொகுதிகளாகப் பிரித்து நாள்தோறும் ஐந்து தொகுதிகளேனும் சேர வேண்டும் என்கிறது. தானியமும் கிழங்கும், பருப்பும் வித்துகளும், பாற்பொருள், மீனும் இறைச்சியும், முட்டை, விற்றமின் ஏ நிறைந்த காய்கனி, ஏனைய காய்கனி ஆகிய ஏழோடு தாய்ப்பாலும் ஒரு தொகுதியாகக் கொள்ளப்படுகிறது. தாய்ப்பாலை இரண்டு வயதுக்கும் அப்பால் தொடரலாம். சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், உதிர்த்த சூடை மீன், ஒரு துண்டு வாழைப்பழம் என்று வைத்தாலே ஐந்து நிறைந்துவிடும். மரவள்ளிக்கிழங்கையும் சம்பலையும் மட்டும் வைத்தால் வயிறு நிறையும், தொகுதி நிறையாது.

இரும்புச்சத்து இங்கு தனிக் கவனத்துக்குரியது. அதன் குறைபாடு குருதியை மட்டுமன்றி மூளையின் வளர்ச்சியையும் கவனிக்கும் ஆற்றலையும் பாதிக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய்ப் புளி பிழிந்தாலோ உணவோடு கொய்யாப்பழம் கொடுத்தாலோ அவற்றிலுள்ள விற்றமின் சி அதை ஏற்கச் செய்கிறது. தேயிலையிலுள்ள தனின் இதற்கு நேர்மாறாக இரும்பைத் தடுக்கிறது. பிளேன்ரீயில் பிஸ்கற்றைத் தோய்த்துத் தீத்தும் காலை வழக்கம் வன்னி முழுவதும் பரவியிருக்கிறது. மலிவானது, பிள்ளை விரும்புவது, வேலைக்குப் போகும் அவசரத்துக்கு உகந்தது என்பதால் அதைப் பழிப்பதில் பயனில்லை. ஆனால் அதற்கு மாற்றாக முதல்நாள் இரவே வறுத்துவைத்த குரக்கன் மாவில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சும் கூழோ, உழுத்தம்மாக் களியோ, கிளினிக்கில் கிடைத்த திரிபோஷவில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் பிசைந்த உருண்டையோ பத்து நிமிடத்துக்கு மேல் எடுப்பதில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். திரிபோஷ 1973 முதல் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டுவரும், சோளமும் சோயாவும் சேர்ந்த சத்துமா. அது நிறை குறைந்த ஒரு பிள்ளைக்கெனக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. வீட்டில் மூன்று பிள்ளைகள் பகிர்ந்துண்டால் எவருக்கும் கணக்குச் சேராது. பசித்திருக்கும் அண்ணனை விலக்கிவிட்டுத் தம்பிக்கு மட்டும் கொடு என்று தாயிடம் சொல்வது எழுதுவதுபோல் எளிதன்று.

வன்னியின் பருவங்களும் கோப்பையில் தெரியவேண்டும். காலபோக அறுவடைக்குப் பின் புது அரிசி, மாரி கழிந்ததும் பனங்கிழங்கு, கோடையில் மாம்பழமும் பாலைப்பழமும், எந்நாளும் எருமைத் தயிர் என ஆண்டு சுழல்வதைப் பிள்ளை வாயால் அறிகிறது. பாலைப்பழத்தைப் பிய்த்து விதையகற்றிக் கொடுக்கும்போது உதட்டில் ஒட்டும் பாலைக் காட்டிச் சிரித்தாலே ஒரு புதுச் சொல்லும் ஒரு புது உணர்வும் சேர்ந்துவிடும்.

மறுக்கும் வாய்

ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் விழுங்கிய பிள்ளை, ஒன்றரை வயதின் பின் திடீரென்று கீரையைத் துப்பவும் புதுக் கறியைக் கண்டால் தலையைத் திருப்பவும் தொடங்கும். புதுவுணவு அச்சம் எனப்படும் இது நோயன்று, பிடிவாதமுமன்று. தனியே நடந்து வேலியோரம் வரை செல்லத் தொடங்கிய உயிருக்கு அறியாததை வாயில் வைக்காமை ஒரு காப்பு. வீட்டு வேலியில் நிற்கும் மஞ்சள் அலரியின் காய் கொடிய நஞ்சு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தயக்கத்துக்கு வன்னித் தாய்மார் நன்றி சொல்லவே வேண்டும். மறுத்த உணவைச் சிறு அளவில், வற்புறுத்தாமல், வேறு வேறு நாள்களில் மீண்டும் மீண்டும் கோப்பையில் வைத்தால் எட்டு முதல் பதினைந்து தடவைக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அதை ஏற்கின்றன. பெரும்பாலான வீடுகள் மூன்றாம் தடவையிலேயே கைவிட்டு, ‘என்ர பிள்ளை கீரை தின்னாது’ என்று முடிவுகட்டிவிடுகின்றன.

அமெரிக்கப் போசாக்கு வல்லுநரான எலின் சாட்டர் 1980களில் முன்வைத்த பொறுப்புப் பிரிவினை இங்கு உதவும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியோர் தீர்மானிப்பர், உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். கடனுக்கு வாங்கிய அரிசி தீரும் வீட்டில் ‘என்ன உணவு’ என்பதைத் தாயே தீர்மானிப்பதில்லை என்பது உண்மையாயினும், ‘எவ்வளவு’ என்பதைப் பிள்ளையிடம் விடுவதற்குச் செலவில்லை. குறைவாக வைத்துக் கேட்டால் மேலும் வைப்பது, நிறைய வைத்து முடிக்கச் சொல்வதைவிட உணவையும் மிச்சப்படுத்தும். இப்பிரிவினைக்கு ஒரு விலக்கு உண்டு: நிறை குறைந்துவரும் பிள்ளைக்கும் காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளைக்கும் பசி மங்கியிருக்கும் ஆதலால், அவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டிச் சிறுகச் சிறுக ஊட்டுவதும் கிளினிக்கின் ஆலோசனையைப் பின்பற்றுவதும் அவசியம்.

ஊட்டுவதற்குக் கையாளும் மூன்று குறுக்குவழிகளைக் கைவிட வேண்டும். முதலாவது பரிசு: கீரையைத் தின்றால் தோடம்பழ இனிப்பு என்று வாக்களித்தால், இனிப்பே உயர்ந்தது, கீரை தண்டனை என்பதையே பிள்ளை கற்கிறது. அடுத்தது பயம்: பேயும் பூச்சாண்டியும் போதாதென்று ‘ஊசி போடுற மிஸ்ஸியிட்டைச் சொல்லுவன்’ என்று வெருட்டிய வீட்டுப் பிள்ளை, தடுப்பூசி நாளில் கிளினிக் வாசலிலேயே அலறுகிறது. மூன்றாவதும் இன்று மிகப் பரவியதும் கைத்தொலைபேசி. பாட்டுக் காணொளியில் மயங்கியிருக்கும் பிள்ளை வாயைத் திறக்கும், விழுங்கும். ஆனால் என்ன தின்கிறது, வயிறு நிறைந்ததா என்பதை அறியாது, ஊட்டுபவரின் முகத்தையும் பாராது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டியதேயில்லை, இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. பழகிவிட்ட பிள்ளையிடம் ஒரேயடியாகப் பறித்தால் இரண்டு மூன்று நாள் பட்டினிப் போராட்டம் நடக்கும். முதலில் இரவுச் சாப்பாட்டில் மட்டும் நிறுத்தி, அந்நேரம் எல்லோருமாகச் சேர்ந்திருந்து உண்டால் போராட்டம் விரைவில் ஓயும்.

தொண்டையில் சிக்குபவை

கோயில் திருவிழாக்களிலும் வீதியோரத்திலும் விற்கும் கச்சான், வன்னி மண்ணில் விளைவதாகையால் எல்லார் மடியிலும் இருக்கும். முழுக் கச்சானை 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கலாகாது, இடித்து மாவாக்கிக் கொடுக்கலாம். பலாக்கொட்டை, பாலைப்பழ விதை, கட்டியான இனிப்பு, வட்டமாக வெட்டிய கரட், மீன் முள் ஆகியவையும் கொடுக்கத் தகாதவையே. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கிடந்துகொண்டும் உண்பதே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். பிள்ளை இருமவோ அழவோ இயலாமல் திணறினால், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாமல், முன்னோக்கிச் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தடவை பலமாகத் தட்டவேண்டும். வெளிவராவிடின், ஒரு வயது கடந்த பிள்ளையாயின், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே பொத்திய கையால் உள்நோக்கி மேலெழ ஐந்து தடவை அழுத்தவேண்டும். இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்துகொண்டே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

பல கைகள்

கிளிநொச்சி அறிவியல் நகர் போன்ற இடங்களின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்து ஏறும் தாய், காலையும் மதியமும் பிள்ளைக்குத் தீத்துவதில்லை. அம்மம்மாவோ அப்பம்மாவோ மாமியோ தீத்துகிறார். கணவனை இழந்தோ பிரிந்தோ குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலருள்ள இம்மாவட்டங்களில் இந்நிலை மேலும் கூடுதல். ஒரு கை வற்புறுத்த, மறு கை விட்டுக்கொடுக்க, இன்னொரு கை தொலைபேசியை நீட்டினால் பிள்ளை குழம்பும். ஆதலால் வீட்டுப் பெரியோர் கூடி ஓரிரு விதிகளையேனும் பொதுவாக்கிக்கொள்ள வேண்டும். இருந்து உண்ணல், திரையில்லாமல் உண்ணல் என்னும் இரண்டே போதும். வேலைக்குப் போகும் தாய்க்கு இரவுச் சாப்பாடே எஞ்சுகிறது. களைத்து வந்தவர் அதில் புதுக்கறி பழக்க முயலவேண்டாம், பிள்ளை அறிந்ததையே வைத்து, பகலில் நடந்ததைக் கேட்டுக்கொண்டு உடனிருந்து உண்டால் போதும். தந்தை வீட்டிலிருந்தால், அவர் கோப்பையிலிருந்து எடுத்துத் தின்னப் பிள்ளைக்கு இடங்கொடுப்பது ஆண்மைக்கு இழுக்கன்று என்பதும் சொல்லப்பட வேண்டியதே.

பிள்ளை உண்ண மறுத்தால் நாவூறு பட்டதென்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடும் அம்மம்மாவோடு வாதிட வேண்டியதில்லை. நாவூறு கழிப்பதால் தீங்கில்லை. நாவூறு என்று நினைத்துக் கிளினிக்கைத் தள்ளிப்போடுவதால் தீங்குண்டு.

கிளினிக் கொப்பி

ஊரில் கிளினிக் கொப்பி என்று வழங்கும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறையும் உயரமும் கோடாக வரையப்படுகின்றன. ஒரு மாதப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிடக் கோடு எத்திசையில் போகிறது என்பதே முக்கியம்: இரண்டு மாதம் தொடர்ந்து கோடு கிடையாகப் போனாலோ கீழே சரிந்தாலோ குடும்பநலச் சுகாதார உத்தியோகத்தரிடம் காரணம் கேட்கவேண்டும். 2016 ஆம் ஆண்டின் தேசிய மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்களாகவும் 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை அற்றவர்களாகவும் இருந்தனர் என்பதால், கோடு சரிவதைத் தாயின் குற்றமாகக் கருதி மறைக்க வேண்டியதில்லை.

நிறையைப் போலவே உணவு வேளையில் தென்படும் வேறு சில குறிகளும் கவனிக்கத்தக்கவை. 18 மாதமாகியும் மெல்லாமல் நீராளமானதை மட்டும் ஏற்றல், ஒவ்வொரு முறையும் புரையேறுதல், வேண்டியதைச் சுட்டிக்காட்டாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒரு சொல்லேனும் பேசாமை, 2 வயதாகியும் ‘மீன் தா’ என்பதுபோல் இரு சொல்லைச் சேர்க்காமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகக் கிளிநொச்சி, வவுனியா அல்லது முல்லைத்தீவு மாஞ்சோலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தைநல வைத்திய நிபுணரிடம் காட்டவேண்டும். ‘தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்’ என்னும் ஆறுதலில் ஓர் ஆண்டு கழிந்துவிடுவது வழக்கம். போகுமுன் ஒரு வாரத்துக்கு, பிள்ளை எந்நேரம் எதை எவ்வளவு உண்டது, யார் தீத்தியது, தானாக எதை எடுத்துத் தின்றது, அப்போது என்ன ஒலி அல்லது சொல் வந்தது என்பவற்றை ஒரு பழைய கொப்பியில் குறித்து எடுத்துச் செல்வது நன்று. எழுதத் தெரியாத அம்மம்மா சொல்ல, பள்ளிக்கூடம் போகும் அக்கா எழுதலாம்.